நடுவில் நின்ற மொழி

சோவியத் ஆண்டுகளில் ஆங்கிலம் படித்த உக்ரேனியர்களிடம் ஓர் ஆங்கில வாக்கியம் சொல்லச் சொன்னால், பெரும்பாலும் முதலில் வருவது ‘லண்டன் இஸ் த கேப்பிட்டல் ஆஃப் கிரேட் பிரிட்டன்’ என்பதாகத்தான் இருக்கும். பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி வந்து பழமொழிபோல ஊர் வாயில் தங்கிவிட்ட வாக்கியம் அது. பார்ப்பதற்கு எளியது. ஆனால் உக்ரேனிய மொழியில் வளர்ந்த பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறும் மூன்று இடங்கள் அந்த ஏழு சொற்களுக்குள்ளேயே இருக்கின்றன.

இதே செய்தியைச் சொல்ல உக்ரேனிய மொழிக்கு நான்கு சொற்கள் போதும்: ‘லோந்தொன் ஸ்தொலித்ஸ்யா வெலிக்கொயி பிரித்தானியி’. ‘இஸ்’ என்ற வினைக்கு அங்கே வேலை இல்லை. எழுதும்போது அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போடுவார்கள். ‘த’ என்ற சொல்லுக்கு நிகராக எதுவும் அந்த மொழியில் கிடையாது. ‘ஆஃப்’ செய்யும் வேலையைச் சொல்லின் ஈறு செய்துவிடுகிறது: ‘வெலிக்கா பிரித்தானியா’ என்ற பெயர் ‘வெலிக்கொயி பிரித்தானியி’ என்று மாறியதுமே ‘பெரிய பிரித்தானியாவின்’ என்று பொருள் வந்துவிடும். ‘லண்டன் பிரிட்டனின் தலைநகர்’ என்று இயல்பாகச் சொல்லும் தமிழருக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. தமிழ் இலக்கணத்தில் வேற்றுமை எட்டு. உக்ரேனிய இலக்கணத்தில் ஏழு. நம் ஐந்தாம் வேற்றுமை மட்டும் அங்கே தனியாக இல்லை. விளி வேற்றுமை உண்டு. இன்றைய ரஷ்ய இலக்கணம் கைவிட்டுவிட்ட அதை உக்ரேனியர்கள் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள்.

ஆக, ஈறுகளை நம்பி வாழும் மொழியிலிருந்து, சொல் நிற்கும் இடத்தை நம்பி வாழும் மொழிக்கு அந்தப் பிள்ளை போக வேண்டியிருக்கிறது. அந்தப் பயணத்துக்கு அதன் தாய்மொழியே நல்ல துணையாக இருந்திருக்கும். ஆனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பெரும்பகுதி, அந்தத் துணை அதற்குக் கொடுக்கப்படவில்லை. ஒரு கண்டத்தில் தாய்மொழியை வகுப்பறையை விட்டு வெளியேற்றினார்கள். இன்னொரு கண்டத்தில் தாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் மூன்றாவது மொழி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

தொடக்கத்தில் பாடப்புத்தகத்துக்கே வழியில்லாமல் இருந்தது. 1863-இல் ரஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் வலூயெவ் அனுப்பிய சுற்றறிக்கை, உக்ரேனிய மொழியில் பள்ளி நூல்களும் சமய நூல்களும் அச்சாவதைத் தடுத்தது. 1876-இல் ஜெர்மனியின் எம்ஸ் நகரில் ஓய்வெடுக்கச் சென்றிருந்த ஸார் இரண்டாம் அலெக்சாண்டர், அங்கிருந்தபடியே இன்னும் கடுமையான ஆணையில் கையெழுத்திட்டார். வெளிநாட்டிலிருந்து உக்ரேனிய நூல்களைக் கொண்டுவருவதற்கும், பிற மொழிகளிலிருந்து உக்ரேனியத்துக்குப் பெயர்த்து அச்சிடுவதற்கும் தடை. அந்தச் சூழ்நிலையில் ஆங்கிலத்தை உக்ரேனிய மொழி வழியாகக் கற்பிக்கும் நூலை எவரும் அச்சிட்டிருக்க முடியாது.

ஆங்கிலத்தையும் உக்ரேனியத்தையும் வாக்கியத்துக்கு வாக்கியம் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் வேலையை முதலில் ஏற்றுக்கொண்டவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள்தான். பந்தெலைமோன் குலீஷ் பெயர்த்த ஷேக்ஸ்பியர் நாடகங்கள் மூன்று 1882-இல் ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த லிவீவ் நகரில் வெளிவந்தன; எம்ஸ் ஆணை அங்கே செல்லாது. அதே ஆண்டு, தடை சற்றுத் தளர்ந்திருந்த வேளையில், மிஹாய்லோ ஸ்தாரித்ஸ்கியின் ‘ஹேம்லட்’ கீவில் அச்சானது. வாக்கிய அமைப்பைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கும் நூல்கள் அல்ல இவை. ஆனாலும் ஆங்கிலத்தின் இறுகிய சொல்வரிசையை உக்ரேனிய ஈறுகளால் எந்த அளவுக்கு அவிழ்க்கலாம் என்று இவர்கள் செய்து பார்த்த சோதனை பின்னால் வந்தவர்களுக்கு முதலாக இருந்தது.

கிழக்கே, இன்று தொனெத்ஸ்க் எனப்படும் ஊரில், ஆங்கிலம் வேறு வழியாக வந்து இறங்கியது. வேல்ஸ் நாட்டுத் தொழிலதிபர் ஜான் ஹியூஸ் 1870-இல் அங்கே இரும்பாலை அமைக்கத் தம் ஊர்த் தொழிலாளர்களோடு வந்து சேர்ந்தார். ஊருக்கு அவர் பெயரே அமைந்தது: யூஸிவ்கா. பிரித்தானியப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தேவாலயமும் எழுந்தன. உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளி அல்ல அது.

உக்ரேனிய மொழி பேசும் குழந்தைகள் பெருந்திரளாக ஆங்கிலம் படிக்க உட்கார்ந்த முதல் வகுப்பறைகள் உக்ரைன் மண்ணிலேயே இல்லை. அவை கனடாவின் புல்வெளிகளில் இருந்தன.

1891 செப்டம்பரில், ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த கலீசியாவின் நெபீலிவ் கிராமத்தைச் சேர்ந்த இவான் பிலிபிவ், வசீல் எலெனியாக் என்ற இரண்டு உழவர்கள் மான்ட்ரியாலில் கப்பலிலிருந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர் ஊராக மக்கள் கிளம்பினார்கள். முதல் உலகப் போருக்கு முன் சுமார் 1,70,000 பேர் கனடாவில் குடியேறியிருந்தார்கள். பெரும்பாலும் மனிடோபா, சஸ்கச்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களின் உழப்படாத நிலத்தில். அன்றைய ஆவணங்கள் அவர்களை ‘ருத்தேனியர்’ என்று குறிக்கின்றன.

மனிடோபாவில் அவர்களுக்கு எதிர்பாராத வாய்ப்பு ஒன்று காத்திருந்தது. பிரெஞ்சு மொழி பேசுவோரின் பள்ளிகள் தொடர்பான சச்சரவைத் தீர்க்க 1897-இல் மாகாணம் சட்டத்தைத் திருத்தியது. ஒரு பள்ளியில் பத்து மாணவர்கள் ஆங்கிலம் அல்லாத மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தால், அந்த மொழியிலும் ஆங்கிலத்திலுமாக இருமொழிப் பாடம் நடக்கலாம் என்றது திருத்தம். பிரெஞ்சுக்காரர்களை மனத்தில் வைத்து எழுதிய விதிதான். ஆனால் ‘பிரெஞ்சு அல்லது வேறு எந்த மொழியும்’ என்ற சொற்கள் உக்ரேனியருக்கும் கதவைத் திறந்துவிட்டன. இருமொழி ஆசிரியர்களை உருவாக்க 1905-இல் வின்னிபெக்கில் ருத்தேனிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1907-இல் அது பிராண்டன் நகருக்கு மாறியது. இந்தப் பள்ளிகளுக்கென்றே ருத்தேனிய-ஆங்கில வாசக நூல்களும் அச்சாயின. 1915-16 கல்வியாண்டில் மனிடோபாவில் உக்ரேனிய, போலிஷ் இருமொழிப் பள்ளிகள் நூற்றுக்கும் மேல் இருந்தன.

குறைகள் நிறையவே இருந்தன. ஆசிரியர்களில் பலர் ஆங்கிலத்தைத் தாங்களே கற்றுக்கொண்டிருந்த இளைஞர்கள். அறுவடைக் காலத்தில் வகுப்பு காலியாகிவிடும். ஆனால் ஒரு விஷயத்தில் இந்தப் புல்வெளிப் பள்ளிகள் பின்னாளில் வந்த பெரிய நிறுவனங்களை மிஞ்சி நின்றன என்றே சொல்ல வேண்டும். பிள்ளை ஏன் இப்படி எழுதுகிறது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது.

குளிரில் நடுங்கியபடி வகுப்புக்குள் வரும் குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். அதன் மொழியில் ‘மெனி ஹோலொத்னொ’. ‘எனக்குக் குளிராக’ என்பதே அதன் நேர்ப்பொருள். எழுவாயும் இல்லை, வினையும் இல்லை. நான்காம் வேற்றுமையில் ஒரு சொல், தன்மையைச் சொல்லும் இன்னொரு சொல், அவ்வளவுதான். ‘எனக்குக் குளிர்கிறது’ என்னும் தமிழ்ப் பிள்ளையும் தன்னை நான்காம் வேற்றுமையில்தான் வைக்கிறது. ஆங்கிலமோ ‘நான்’ என்று தொடங்கு, வினை ஒன்றைக் கொண்டுவா, பிறகு குளிரைச் சொல் என்று கட்டாயப்படுத்துகிறது. பொழுது விடிவதைச் சொல்ல உக்ரேனியத்தில் ‘ஸ்விதாயெ’ என்ற ஒற்றைச் சொல் முழு வாக்கியம். விடிவது எது என்று அந்த மொழி கேட்பதில்லை. ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் இடம் காலியாக இருக்கக் கூடாது. எதையும் குறிக்காத ‘இட்’ வந்து அங்கே உட்கார்ந்துகொள்கிறது. உக்ரேனியம் அறிந்த ஆசிரியர் இதைத் தாய்மொழியில் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். அறியாத ஆசிரியருக்குத் தெரிவதெல்லாம், பிள்ளை ‘இட்’ போட மறந்துவிட்டது என்பது மட்டும்தான்.

அந்த வாய்ப்பு நீடிக்கவில்லை. ஆல்பர்ட்டா அரசு 1913-இல் மாகாணச் சான்றிதழ் இல்லாத உக்ரேனிய ஆசிரியர்களை நீக்கியபோது பெற்றோர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தப் போராட்டம் ‘ருத்தேனியப் பள்ளிக் கலகம்’ என்ற பெயரில் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. போர்க்காலத்தின் ஆங்கிலப் பற்று கொதித்துக்கொண்டிருந்த 1916-இல் மனிடோபா இருமொழிக் கல்வியையே ஒழித்தது. 1918-இல் சஸ்கச்சுவானின் பள்ளி ஆய்வாளர் ஜே. டி. எம். ஆண்டர்சன் குடியேறியவர்களின் கல்வி பற்றி எழுதிய நூல், நேர்முறையை வலியுறுத்தியது. பொருளைக் காட்டு, செயலைச் செய்து காட்டு, ஆங்கிலத்திலேயே பேசு. பிள்ளையின் மொழி ஆசிரியருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆண்டர்சன் 1929-இல் அந்த மாகாணத்தின் முதல்வரானார்.

நேர்முறையில் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றார்கள் என்பது உண்மை. கதவு, மேசை, ஓடு, உட்கார் எல்லாம் காட்டிக் கற்பிக்கக் கூடியவை. எழுவாய் இடத்தில் உட்காரும் வெறும் ‘இட்’டை எதைக் காட்டிக் கற்பிப்பது? உக்ரேனியம் நாணத்துக்குரியது என்ற எண்ணத்தையும் அந்தத் தலைமுறை ஆங்கிலத்தோடு சேர்த்தே பெற்றுக்கொண்டது. அந்த இழப்பை எந்தத் தேர்ச்சி விகிதமும் ஈடுகட்டாது.

நேர்முறைக்கு எதிரான வலுவான வாதம், கீவில் பள்ளிப்படிப்பை முடித்த ஒருவரிடமிருந்து வந்தது. லெவ் ஷேர்பா 1898-இல் கீவ் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வெளியேறி, பின்னாளில் லெனின்கிராடில் சோவியத் மொழியியலின் பெரும் ஆசானாக விளங்கியவர். தாய்மொழியை வகுப்பறையிலிருந்து விரட்டலாம், மாணவரின் தலைக்குள்ளிருந்து விரட்ட முடியாது என்பது அவர் கட்சி. அது அங்கே இருக்கத்தான் போகிறது என்றால், இரண்டு மொழிகளையும் அறிந்தே ஒப்பிட்டுக் கற்பிப்பதுதான் முறை என்றார். அயல்மொழி கற்பித்தல் குறித்த அவருடைய நூல் அவர் மறைவுக்குப் பின் 1947-இல் வெளிவந்தது.

கொள்கை சரியானது. ஆனால் எந்தத் தாய்மொழியோடு ஒப்பிடுவது? இந்தக் கேள்வியில்தான் உக்ரேனிய மாணவர் மறுபடியும் கைவிடப்பட்டார்.

1938-இல் ரஷ்யமொழி எல்லாக் குடியரசுகளின் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமானது. 1958-59 கல்விச் சீர்திருத்தம் பயிற்றுமொழியைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டது. வேலையும் உயர்கல்வியும் ரஷ்யத்தில் இருந்தபோது அந்த விருப்பம் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயமில்லை. பெருநகரப் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ரஷ்யவழிக்கு மாறின. இதே ஆண்டுகளில்தான் ஆங்கிலக் கல்வியும் விரிந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் சோவியத் பள்ளிகளில் ஜெர்மன்தான் முதன்மை அயல்மொழி. போருக்குப் பின் ஆங்கிலம் அந்த இடத்தைப் பிடித்தது. 1948-இல் கீவில் அயல்மொழி ஆசிரியர் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1961-இல் சோவியத் அமைச்சரவை, அயல்மொழியிலேயே சில பாடங்களை நடத்தும் 700 பள்ளிகளுக்குக் குறையாமல் திறக்க வேண்டும் என்று தீர்மானித்தது.

கீவில் உக்ரேனிய மொழியிலும் பாடநூல்கள் வரத்தான் செய்தன. ஆனால் கல்லூரியில் படித்தவர்களும் தாமாகக் கற்றவர்களும் கையில் வைத்திருந்தவை பெரும்பாலும் மாஸ்கோவின் நூல்கள். நத்தாலியா போங்கின் பாடநூலை ‘போங்க்’ என்றும், விளதீமிர் அராகின் தலைமையில் வந்த பாடத்தொகுப்பை ‘அராகின்’ என்றும் ஆசிரியர் பெயராலேயே அழைத்தார்கள். இரண்டும் உழைத்து உருவாக்கிய நல்ல நூல்கள். அவற்றால் ஆங்கிலம் தேறியவர்கள் ஏராளம். அவை ஆங்கிலத்தை ஒப்பிட்டது ரஷ்யத்தோடு. அது இயல்பே. ஆனால் உக்ரேனிய வீட்டிலிருந்து வந்த மாணவருக்கு அந்த ஒப்பீடு சில இடங்களில் கிட்டத்திலிருந்த வழியை மறைத்துவிட்டது.

‘எனக்கு ஒரு சகோதரன் இருக்கிறான்’ என்பதை ரஷ்யம் ‘உ மென்யா யெஸ்த் பிராத்’ என்கிறது; என்னிடத்தில் இருக்கிறான் என்ற அமைப்பு. ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ ரஷ்ய மாணவருக்குப் புதிய பழக்கம், அதனால் பாடநூல் அதைச் சுற்றிப் பயிற்சி மேல் பயிற்சி கொடுக்கிறது. உக்ரேனியத்தில் அந்த அமைப்பும் உண்டு. ஆனால் அதன் பக்கத்திலேயே ‘யா மாயு பிராத்தா’ என்ற வாக்கியமும் புழங்குகிறது. ‘நான்’ எழுவாய், உடைமையைக் குறிக்கும் வினை, இரண்டாம் வேற்றுமையில் சகோதரன். ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே அங்கே இருக்கிறது. அந்த வினையோடு இன்னொரு வினையைச் சேர்த்தால் ‘மாயு ய்தி’, போக வேண்டியிருக்கிறது என்று பொருள்; ‘ஐ ஹேவ் டு கோ’வுக்கு இதைவிடப் பக்கத்தில் வர முடியாது.

இன்னொன்று, நெடுங்கடந்தகாலம். கடந்த நிகழ்ச்சி ஒன்றுக்கும் முந்தி நடந்து முடிந்ததைச் சொல்ல உக்ரேனியத்தில் ‘பிஷோவ் பூவ்’ போன்ற வடிவம் உண்டு, ‘போயிருந்தான்’ என்பதுபோல. இன்றைய ரஷ்யத்தில் இது முழு வடிவமாக இல்லை. ஆங்கிலத்தின் ‘ஹேட் கான்’ இதோடு எல்லா இடத்திலும் பொருந்தாது. செய்யத் தொடங்கிக் கைவிட்ட செயலுக்கும் உக்ரேனியர் இந்த வடிவத்தைப் பயன்படுத்துவார்கள். ஆனாலும் ‘காலங்களுக்குள் அடுக்கு உண்டு’ என்ற கருத்தை அந்த மாணவருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் பாட்டியின் பேச்சில் இருந்ததை, ரஷ்யத்தில் எழுதிய விளக்கத்தின் வழியாக அயல்நாட்டு விந்தையாகக் கற்றுக்கொண்டார்.

இந்த நிலையில் 1960-இல் கீவின் ‘ரத்யான்ஸ்கா ஷ்கோலா’ பதிப்பகம் ஒரு நூலை வெளியிட்டது: யூரி ஜிலுக்தென்கோ எழுதிய ஆங்கில, உக்ரேனிய ஒப்பிலக்கணம். பெரிய நூல் அல்ல. ஆனால் உக்ரேனிய மொழியை நேராக ஆங்கிலத்தின் எதிரே உட்காரவைத்தது அது. நடுவில் வேறு மொழி இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1964-இல், அவரே அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் உக்ரேனியரின் மொழியை ஆராய்ந்து இன்னொரு நூல் எழுதினார். பிராண்டனிலும் ஆல்பர்ட்டாவின் வெக்ரவில்லிலும் ஆங்கிலத்தோடு உரசி உரசி மாறிய அந்தப் பேச்சு, கீவில் ஆய்வுப்பொருளானது. புல்வெளிப் பள்ளிகளின் வரலாறும் கீவ் வகுப்பறையின் வரலாறும் முதன்முறையாக ஒருவர் மேசையில் சந்தித்தன என்று இதைச் சொல்லலாம்.

இப்படி நேருக்கு நேர் ஒப்பிடும்போதுதான் சில பிழைகளின் வேர் தெரியவருகிறது. ஆங்கிலத்தின் ‘எ’, ‘த’ ஆகியவற்றை எங்கே போடுவது என்பது உக்ரேனியருக்குத் தீராத தொல்லை. தாய்மொழியில் இல்லை, அதனால் வரவில்லை என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். ‘தீவ்சினா ஸய்ஷ்லா தொ கிம்னாத்தி’ என்றால் நாம் ஏற்கெனவே அறிந்த பெண் அறைக்குள் வந்தாள். ‘தொ கிம்னாத்தி ஸய்ஷ்லா தீவ்சினா’ என்று திருப்பிப் போட்டால், யாரோ ஒரு பெண் வந்தாள். அறிந்தது முன்னால், புதியது கடைசியில். ஆங்கிலம் ‘எ’, ‘த’ கொண்டு செய்வதை உக்ரேனியம் சொல்வரிசையால் செய்கிறது. ‘ஒரு பெண்’, ‘அந்தப் பெண்’ என்று தேவைப்படும்போது சொல்லிக்கொள்ளும் தமிழும், ‘அறைக்குள் ஒரு பெண் வந்தாள்’ என்று புதியவளை வினைக்குப் பக்கத்தில் நகர்த்துவதைக் கவனிக்கலாம். ஆகவே புதியது, அறிந்தது என்ற பாகுபாடு மாணவரிடம் முன்பே இருக்கிறது. அதை வரிசையிலிருந்து எடுத்து ‘எ’, ‘த’வுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வதுதான் பாடம். இதைச் சொல்லாமல் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்யவைத்தால், அவர் ஆங்கிலத்திலும் வரிசையையே புரட்டிப் பார்ப்பார். அங்கே வரிசையைப் புரட்டினால் யார் யாரைப் பார்த்தார்கள் என்பதே மாறிவிடும்.

எதிர்மறை இன்னொரு சிக்கல். ‘நிக்தோ நிசோஹொ நெ ஸ்நாயெ’ என்ற வாக்கியத்தில் யாரும், எதையும், அறியார் என்ற மூன்று சொல்லும் எதிர்மறை வடிவம். உக்ரேனியத்தில் அதுதான் சரி. பொதுநிலை ஆங்கிலம் ஒரே ஓர் எதிர்மறையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது.

எழுத்தில் மட்டும் தெரியும் பிழை ஒன்று உண்டு. அதைப் பார்த்ததும் எழுதியவர் ஸ்லாவிய நாட்டுப் பள்ளியில் படித்தவராக இருக்கக்கூடும் என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள் ஊகித்துவிடுவார்கள். ‘அவன் வீட்டில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும்’ என்பதை உக்ரேனியத்தில் எழுதும்போது ‘யா ஸ்நாயு’ என்ற பகுதிக்குப் பின் காற்புள்ளி கட்டாயம். துணைவாக்கியம் தொடங்கும் இடத்தை அது காட்டுகிறது. முதல் வகுப்புகளிலிருந்தே கையில் ஏறிய பழக்கம் அது. ஆங்கிலத்தில் ‘ஐ நோ’ என்று எழுதியதும் கை தானாகவே காற்புள்ளி போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் அது பிழை. பேச்சுப் பயிற்சி எவ்வளவு கொடுத்தாலும் இந்தக் காற்புள்ளி போகாது. அது இலக்கணத்தைக் கவனமாகப் படித்த பிள்ளையின் பிழை என்பதால்.

1991-இல் உக்ரைன் விடுதலை பெற்ற பிறகு வேலை வேகமெடுத்தது. 1996-இல் மிகோலா பல்லாவின் இரண்டு தொகுதி ஆங்கில-உக்ரேனிய அகராதி வந்தது. சுமார் 1,20,000 சொற்கள். கீவில் கற்பித்த இல்கோ கோருனெத்ஸ் இரு மொழிகளின் ஒப்பீட்டு வகையியலைக் கல்லூரி மாணவர்களுக்கான முழுப் பாடநூலாக எழுதினார். ஒக்சானா கார்பியுக், அல்லா நெஸ்வித் போன்றோரின் பள்ளி நூல்கள் உக்ரேனியப் பிள்ளையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. 2012-இல் அயல்மொழி முதல் வகுப்பிலிருந்தே கட்டாயமானது. 2024 ஜூனில் நாடாளுமன்றம் நிறைவேற்றி அதிபர் கையெழுத்திட்ட சட்டம், ஆங்கிலத்தைப் பன்னாட்டுத் தொடர்பு மொழியாக உக்ரைனில் உறுதிசெய்தது. குறிப்பிட்ட அரசுப் பதவிகளுக்கு ஆங்கில அறிவு கட்டாயம்.

ரஷ்யாவுடனான போரின் நடுவே நிறைவேறிய சட்டம் அது. ஆசிரியர்களை உருவாக்கும் இடங்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம். தொன்பாஸ் பகுதியின் ஹோர்லிவ்கா அயல்மொழிக் கல்வி நிறுவனம் 2014-இல் பஹ்முத் நகருக்கு மாறியது. 2022-க்குப் பிறகு அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று.

கனடாவிலும் சக்கரம் திரும்பியிருக்கிறது. 1971-இல் ஆல்பர்ட்டா, பிற மொழிகளிலும் பாடம் நடத்த இடம்தரும்படி தன் பள்ளிச் சட்டத்தைத் திருத்தியது. 1974-இல் எட்மன்டனில் ஆங்கில-உக்ரேனிய இருமொழி வகுப்புகள் தொடங்கின. பாதி நாள் உக்ரேனியத்தில், பாதி நாள் ஆங்கிலத்தில். அரை நூற்றாண்டுக்கு மேல் தடைப்பட்டிருந்த இருமொழிக் கல்வி மனிடோபாவிலும் சஸ்கச்சுவானிலும் 1979-இல் திரும்பி வந்தது. 2022 மார்ச்சில் கனடா அறிவித்த அவசரப் பயண அனுமதியில் வந்து சேர்ந்த குடும்பங்கள் இந்தப் பள்ளிகளைத் தேடிவந்து பிள்ளைகளைச் சேர்த்தன. இன்று ஒரே வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான்காம் தலைமுறைக் கனடியப் பிள்ளை உக்ரேனிய வேற்றுமை ஈறுகளில் தடுமாறுகிறது. கார்கிவிலிருந்து வந்த பிள்ளை ஆங்கிலச் சொல்வரிசையில் தடுமாறுகிறது. இரண்டு பிழையும் ஏன் வருகின்றன என்று அறிந்த ஆசிரியர் கரும்பலகையின் முன் நிற்கிறார்.